மிஸ் அடிப்பாங்க!

மூன்று வயது வரை வீட்டில் ஒரே பாட்டு: "சாப்பிடலைன்னா ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுடுவேன். மிஸ் அடிப்பாங்க." பூச்சாண்டிக்கு அடுத்த பதவி மிஸ்ஸுக்குத்தான். பிறகு ஒரு விஜயதசமியன்று, தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்து, அதே மிஸ்ஸிடம் பிள்ளையை ஒப்படைக்கிறோம். அது வீறிட்டு அழுகிறது. "ஏன்தான் இப்படி அழுறானோ!" என்று நமக்கு ஆச்சரியம்.

1840-இல் ஜெர்மனியின் கல்வியாளர் ஃப்ரோபெல் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார். நாம் அதை எல்.கே.ஜி. ஆக்கி, தோட்டத்தை எடுத்துவிட்டு வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டோம்.

வாசல் நாடகம் தனி. "கடைக்குப் போய் சாக்லேட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று அம்மா நழுவுகிறார். ஒரு சாக்லேட் வாங்க மூன்று மணி நேரம்! அதுவரை தோள்பையைக் கழற்றாமல், மூக்கொழுக, கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது பிள்ளை. ஒருவழியாக அது ஓய்ந்து பொம்மையைத் தொடும் நேரத்தில், ஜன்னலில் தாத்தாவின் தலை தெரிகிறது. மறுபடி முதலிலிருந்து. ஆயாம்மா தாத்தாவைத் துரத்துகிறார்.

நானும் அந்த சாக்லேட் பொய்யைச் சொன்னவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கடைக்குக் கிளம்பினேன். மகள் காலைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. "பருப்பு சாதம் சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். டாட்டா ஒரு தடவை போதும். தாத்தாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.