சிங்கி இறாலும் டிரங்க் காலும்

டெலிபோனை வைத்துப் பரிசோதனைக் கலை செய்ததாக மேல்நாட்டுக்காரர்கள் தலையணை தலையணையாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். எங்கள் வாசுதேவநல்லூரில் வெளியூருக்கு டிரங்க் கால் புக் பண்ணிக் காத்துக்கிடந்தவர்கள் யாராவது படித்தால், "இதுக்கா இம்புட்டு அலப்பறை?" என்றுதான் கேட்பார்கள்.

முதல் புண்ணியவான் ஹங்கேரியின் மொஹோலி-நாகி. 1920களின் தொடக்கத்தில், எனாமல் போர்டு செய்யும் ஃபாக்டரிக்கு போன் போட்டு, கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டத்துக்கு எந்த வண்ணம் என்று வாயாலேயே சொல்லி ஓவியம் வாங்கியதாக எழுதிவைத்தார். தூரிகையைத் தொடாத ஓவியன் என்று பேர். பின்னாளில் அவர் மனைவி லூசியா விஷயத்தைப் போட்டு உடைத்தார்: போனிலேயே சொல்லியிருக்கலாம் போல என்று மனிதர் குதித்ததுதான் உண்டாம், போன் போடவே இல்லையாம்.

நம்ம ஊரில் போன் போட்டது நிஜம். அந்தக் காலத்தில் கோட்டையைத் தாக்கிய கான்சாகிப்பின் பீரங்கிக்குப் பிறகு வாசுதேவநல்லூர் கேட்ட பெரிய சத்தமே மதுரைக்கு டிரங்க் காலில் சரக்குச் சொன்னதுதான். அவ்வளவு கத்தியும் 'இருபது மூட்டை' என்றது 'அறுபது மூட்டை'யாக லாரியில் வந்து இறங்கும். எது பரிசோதனை?

1938-இல் சால்வதோர் டாலி ரிசீவர் மேல் ஒரு பிளாஸ்டர் சிங்கி இறாலைப் படுக்கவைத்து, சர்ரியலிசம் என்றார். நம்ம பெரியம்மாக்களோ போனுக்குக் குரோஷா உறை, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா, டயலில் பூட்டு என்று நிரந்தரக் கண்காட்சியே நடத்தினார்கள். மணி அடித்தால் உறையை அவிழ்ப்பதற்குள் நின்றுவிடும்.

அந்தப் பூட்டில்தான் உண்மையான கலை பிறந்தது. டயலைச் சுற்றிவிட்டால் அது திரும்பி வரும்போது லைனைப் பட்பட்டென்று அறுத்து அறுத்து விடும். ஐந்துக்கு ஐந்து முறை, பூஜ்யத்துக்குப் பத்து முறை. எக்ஸ்சேஞ்ச் எண்ணுவது அதைத்தான். ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை அமுக்கினாலும் அதே லைன்தான் அறும். பெரியப்பா சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு குறட்டை விட, பையன்கள் பொத்தானில் தாளம் போட்டே நம்பர் பிடித்தார்கள். வெளியூரிலிருந்து நம்ம ஊரைப் பிடிக்க 04636 என்ற கோடுக்கு மட்டும் 29 தட்டு. நடுவில் தும்மினால் மறுபடி முதலிலிருந்து. மிருதங்க வித்வானுக்கே வேர்க்கும்.

ஆளில்லாமல் நம்பர் பிடிக்கும் இந்த எக்ஸ்சேஞ்சுக்கு 1891-இல் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவில் பிணம் அடக்கும் தொழில் செய்தவர். எக்ஸ்சேஞ்சுப் பெண், தனக்கு வரும் சாவுக் கிராக்கியைப் போட்டிக்காரனுக்குத் தள்ளிவிடுகிறாள் என்ற வயிற்றெரிச்சலில் ஆபரேட்டரையே ஒழிக்கக் கிளம்பினார் என்பது கதை. நம்ம பையன்கள் பெரியப்பாவை மட்டும்தான் ஏமாற்றினார்கள்.

1966-இல் மேக்ஸ் நியூஹவுஸ் நியூயார்க் வானொலி ஒன்றில், போனில் வந்த குரல்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஒலிபரப்பினார். புதுமையாம்! நமக்கு டெலிபோன் இலாகாவே அதை இலவசமாகச் செய்து தந்தது. ஒரே கம்பியில் கல்யாணத் தேதி, புளியங்குடி எலுமிச்சை விலை, மாமியார் வழக்கு.

"ஏம்மா, நீங்க யாரு?"

"நீங்க யாரு அண்ணாச்சி? வைங்க, பேசிக்கிட்டு இருக்கோம்லா!"

1969-இல் பெர்ன் நகரக் கண்காட்சியில் வால்டர் டி மரியா தரையில் ஒரு போனை வைத்தார். மணி அடித்தால் எடுக்கலாம், லைனில் நான்தான் இருப்பேன் என்று அறிவிப்பு. இங்கே போன் இல்லாத வீட்டுக்காரர்களுக்குத் தன் கடை போனை பி.பி. நம்பராகக் கொடுத்திருந்த மளிகைக்கடை அண்ணாச்சியும் எடுப்பார். ஆனால் லைனில் இருப்பவருக்கு அவரோடு பேச ஆசையே கிடையாது. கடைப்பையன் மூன்று தெரு ஓடி ஆளைக் கூட்டிவருவதற்குள் மூன்று நிமிஷக் கால் முடிந்துபோகும். வேர்க்க விறுவிறுக்க வந்தவர், ஓடிவந்தது வீணாகக் கூடாதே என்று, செத்துக்கிடக்கும் ரிசீவரில் "இங்க எல்லாரும் சௌக்கியம்!" என்று கத்திவிட்டு, அப்படியே கால் கிலோ துவரம்பருப்பும் கடனுக்கு வாங்கிப் போவார்.