துவையலுக்கு அல்ல

ஓரிகன் மாநிலத்தில் பீர் வேண்டுமென்றால் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். அதே பீருக்கு மூன்று வருடம் காத்திருக்கத் தயாராக இருப்பவன், அதற்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியை நடுவான். போர்ட்லாண்டில் நான் இந்த இரண்டாம் ரகம்.

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது இங்கே குற்றமில்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம். என் மனைவி குடிப்பதில்லை. அவள் பங்கும் என் கணக்கில்தான் சேரும் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். “சட்டத்துல சேரலாங்க, என் சமையலறையில சேராது” என்றாள்.

ஹாப்ஸை விதை போட்டு வளர்த்தால் பாதி ஆண் செடியாகப் போய்விடும். பீருக்கு வேண்டிய பூங்கூம்பு பெண் கொடியில்தான் வரும். அதனால் வேர்த்தண்டை வாங்கித்தான் நடுவது வழக்கம். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மண் நிறம். பார்க்கச் சகிக்காது, பெயர் மட்டும் ‘கேஸ்கேட்’. எங்கள் மாநிலத்துக் கோர்வாலிஸில் உருவாக்கி 1972-ல் வெளியிட்ட ரகம்.

மார்ச்சில் பார்சல் வந்தபோது தோட்டம் சேறாகக் கிடந்தது. ஆகவே ஃப்ரிட்ஜ். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் வைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை, குறைந்தால் சுள்ளி. வெளியே வைத்தால் கதகதப்பில் மொட்டு விழித்து, நடுவதற்கு முன்பே சேமிப்பையெல்லாம் தின்று தீர்த்துவிடும். மாப்பிள்ளைக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காய்கறி டிரேயைத் திறந்து, “ஏண்டா, அமெரிக்காவுல இஞ்சி இப்படியா மெலிஞ்சு கெடக்கும்?” என்று கேட்டு, கத்தியையும் எடுத்துவிட்டார். அன்று மாலையே மனைவி பைமேல் சீட்டு ஒட்டினாள்: ‘துவையலுக்கு அல்ல.’

ஏப்ரலில் நட்டோம். இரண்டு மூன்று அங்குல ஆழம், மொட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். எது மேல், எது கீழ் என்று புரியாவிட்டால் படுக்கவைத்துவிடலாம், அதுவே நிமிர்ந்துகொள்ளும். இப்படியொரு பெருந்தன்மையை வேறெந்தச் செடியிடமும் நான் கண்டதில்லை.

ஜூனில் கொடி ஒரே நாளில் ஓர் அடிகூட ஏறும். கயிற்றை எப்போதும் கடிகாரத் திசையில்தான் சுற்றும். மாற்றிச் சுற்றிவிட்டால் கேட்காது. அம்மாவுக்கு அதன்மேல் மரியாதை வந்தது அங்கேதான். “வலமாத்தான் வருது. நல்ல கொடி.” கஞ்சாவின் குடும்பம் என்பதை நான் சொல்லவில்லை.

முதல் வருடம் கொடியின் கவனமெல்லாம் வேரில். ஒரு கைப்பிடிக் கூம்பு தேறினால் அதிகம். ஒன்றைப் பிய்த்தேன், இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, பம்பளிமாஸ் வாசனை அடித்தது. பீரின் கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான். அம்மா ஓர் இதழை மென்று பார்த்து, “பாகக்கா எவ்வளவோ தேவலை” என்று துப்பினார்.

மூன்றாம் வருடம் கொடி வேலியைத் தாண்டிவிட்டது. நிலத்தடியில் ஓடும் தண்டுகளை வசந்தத்துக்கு வசந்தம் வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் புல்தரையில் தலைகாட்டும். வெட்டியதைக் குப்பையில் போட மனம் வராமல், செய்தித்தாளில் சுற்றி நண்பர்களுக்குக் கொடுக்கிறேன். நண்பர்களுக்கு மகிழ்ச்சி. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குச் சொந்தக்காரிகள்தான் என்னைக் கண்டால் முன்போல் சிரிப்பதில்லை.