லைன் கிளியர் கிடைக்கலைங்க

ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலுக்கும் ஈரோட்டுக்கும் இடையே ராத்திரியில் ஓடும். மலையில் இருப்பவர்கள் எல்லாம் போர்வைக்குள் இருக்கும் நேரத்தில் அடிவாரத்தில் சேலத்தைத் தாண்டிப் போய்விடும். ஏற்காட்டுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. ஆகவே தாமதமாக வந்தது என்று நாங்கள் குறைசொல்லவும் வழியில்லை. எங்கள் மாரமங்கலத்துக்கோ ஏற்காட்டையும் தாண்டிப் போக வேண்டும். இந்த ஊர்க்காரனுக்கு ரயில் தாமதத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். மலையில் காப்பியும் மிளகும் விளையும். மாதச் சம்பளம் கீழேதான் விளையும்.

எழுபதுகளின் கடைசியில் என் சம்பளம் சேலம்–விருத்தாசலம் மீட்டர்கேஜ் பாதையில் ஓர் ஊரில் விளைந்தது. வாரநாட்களில் அடிவாரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, சீசன் டிக்கெட்டில் போய்வந்தேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அங்கே இன்னமும் ரயில் நிற்கிறது.

அங்கே ஒரு கரும்பலகை இருந்தது. வண்டி லேட் என்றால் எத்தனை நிமிடம் என்று சாக்பீஸில் எழுதுவார்கள். முதலில் 20. அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு 40. பிறகு 70. ஐப்பசி மாதத்தில் சாரலும் சாக்பீஸும் சேர்ந்து பலகை முழுக்க வெளுத்துப்போய், கடைசியில் எழுதிய எண் எது, அழித்த எண் எது என்று தெரியாது. அவரவர் தமக்குப் பிடித்த எண்ணைப் படித்துக்கொண்டு காத்திருந்தோம்.

காரணம் கேட்க வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் ஒரே பதில்: "லைன் கிளியர் கிடைக்கலை." ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வந்து சேராமல் இந்த வண்டியை விட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் எதிர்வண்டி ஏன் வரவில்லை என்று கேட்டால், அதற்கும் லைன் கிளியர் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் பதில் இன்னும் சுருக்கம்.

"அந்தப் பக்கம் மழைங்க."

"எந்தப் பக்கம் சார்?"

கையைக் கிழக்கே நீட்டுவார். எங்களில் யாருக்கும் சொந்தபந்தம் இல்லாத ஊராகப் பார்த்து, விருத்தாசலத்துக்கும் அப்பால் எங்கேயோ அந்த மழை பெய்யும். ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்தே வண்டி வந்தது. இறங்கிய பெரியவர் ஒருவரிடம், அங்கே நல்ல மழையாமே என்று விசாரித்தோம். "மழையா? வெயில் மண்டையைப் பொளக்குது தம்பி" என்றார். எங்களோடு நின்றிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நீங்க ஏறுனதுக்கு அப்புறம் புடிச்சிருக்கும்" என்றார். பெரியவருக்கே சந்தேகம் வந்து வானத்தைப் பார்த்தார்.

அதே மழையை நாங்கள் ஆபீசுக்கு எடுத்துப் போவோம். தலைமை எழுத்தர் அதே வண்டியில்தான் வருவார். அந்த வண்டியில் முதல் வகுப்பு இல்லாததால் எங்களோடு நின்றுகொண்டேதான் வருவார். ஆபீசுக்குள் நுழைந்ததும் தம் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு, எங்கள் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் சுழிப்பார். "ஏன் லேட்டு?" என்பார். "மழை சார்" என்போம். "இங்கே பெய்யலையே" என்பார். அந்த வாக்கியத்தை அவர் ஸ்டேஷனில் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. பாதை அகலமாகிவிட்டது. கரும்பலகை போய், பதிவுசெய்த பெண்குரல் வந்துவிட்டது. புயலடித்தாலும் பொங்கல் கூட்டமானாலும் ஒரே கனிவோடு நம் கவனத்தைக் கோரி, ஒரே அளவில் வருந்துகிறது. கைபேசியைத் திறந்தால், வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது, எத்தனை நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று புள்ளிபோட்டுக் காட்டுகிறது. எல்லாம் தெரிகிறது, ஏன் என்பதைத் தவிர. அதற்குக் கை நீட்டவும் ஆள் இல்லை.

டிசம்பர், ஜனவரியில் மட்டும் காரணம் தெரியும்: வடக்கே மூடுபனி. டெல்லியிலிருந்து திருவனந்தபுரம் போகும் கேரளா எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது. அது கிளம்பிய இடத்தில் பனி என்பதற்காக, இங்கே பிளாட்பாரத்தில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பனியில் எதிரே வரும் மாட்டைக் குரல் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஊர் எங்களுடையது. ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரனை அழுத்தி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி இறங்குகிறது. இரும்புத் தண்டவாளம் வழிகாட்ட, திருப்பவே ஸ்டியரிங் இல்லாத ரயிலுக்குப் பனி என்ன செய்யும் என்று எங்கள் ஊர்த் திண்ணையில் கேட்காதவர் இல்லை. கேள்வி சுவையானது, ஆனால் தப்பு. டிரைவருக்குத் தெரிய வேண்டியது தடம் அல்ல, சிக்னல். வேகமாக வரும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதனால்தான் சிக்னலுக்குச் சுமார் 270 மீட்டர் முன்பே தண்டவாளத்தில் வெடி கட்டுவார்கள். சக்கரம் ஏறி வெடித்தால், சிக்னல் வருகிறது என்று அர்த்தம். இன்று அந்த வேலைக்கு ஜிபிஎஸ் கருவியும் வந்துவிட்டது. பனியில் 60 கிலோமீட்டராக இருந்த வேக வரம்பை அதனால் 75 ஆக்கினார்கள்.

கொங்கண் ரயில்வேக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். மழைக்காலத்துக்கென்றே தனி அட்டவணை போட்டு, தாமதத்தை முன்கூட்டியே அச்சடித்துவிடுகிறார்கள். அட்டவணைப்படி வரும் வண்டியை யார் லேட் என்பது?

வெளிநாட்டிலும் இதே சரக்குதான். 1991 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பனி கொட்டி ரயில்கள் முடங்கின. பனி பொடியாக இருந்ததால் மோட்டாருக்குள் புகுந்துவிட்டது என்று ரயில்வே அதிகாரி ஒருவர் விளக்கினார். தப்பான வகைப் பனி பெய்துவிட்டதாம் என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, இன்றுவரை விடவில்லை. தொழில்நுட்பப்படி அவர் சொன்னது உண்மை. நம் ஸ்டேஷன் மாஸ்டர் போல "அந்தப் பக்கம்" என்று கையை நீட்டியிருந்தால் தப்பித்திருப்பார். ஜப்பானிலோ வண்டி லேட்டானால் பயணிக்குச் சான்றிதழே தருகிறார்கள், ஆபீசில் காட்ட. எங்கள் தலைமை எழுத்தர் அதிலும் கெசட்டட் அதிகாரி கையெழுத்து கேட்டிருப்பார்.

இத்தனை கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போனது தெரியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் போய் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று அந்த வண்டியை யாராவது மழை என்று சொல்லி ஏதாவதொரு ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கலாம். பயணிகள் திட்டித் தீர்த்திருப்பார்கள், உயிரோடு. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். அப்பால் வெள்ளம் ஜல்லியை அரித்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பேர் நிறுத்திய வண்டியிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலுமாகத் தவித்தார்கள். எல்லோரையும் மீட்க 19ஆம் தேதி ஆகிவிட்டது. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

எங்கள் மலைக்குப் பக்கத்திலேயே, தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் 2021 நவம்பர் 12 அதிகாலை பாறை உருண்டு, கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் தடம் புரண்டன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டவே ரயில்களை ரத்து செய்தார்கள், சிலவற்றைக் காட்பாடி வழியே திருப்பினார்கள். அதே மழையில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அன்று ரயில் ஏன் ஓடவில்லை என்று திண்ணையில் யாரும் கேட்கவில்லை. சிக்கல் என்னவென்றால், இப்படி நாலு நாள் நிஜமாகப் பெய்யும் மழையின் பெயரைச் சொல்லி, மற்ற நாட்களில் எஞ்சின் கோளாறும் ஆள் பற்றாக்குறையும் குளிர்காய்ந்துவிடுகின்றன. மழை வந்து மறுப்பு அறிக்கை விடப்போவதில்லை.

அக்கா மகள் பெங்களூருக் கம்பெனி ஒன்றுக்கு மாரமங்கலத்தில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறாள். ரயில் இல்லை, சீசன் டிக்கெட் இல்லை, சிவப்பு மை இல்லை. போன ஐப்பசியில் இரண்டு இடி இடித்ததும் கரண்டும் டவரும் சேர்ந்து போயின. சிக்னல் எட்டும் மேட்டுக்குக் குடையோடு ஏறிப்போய், மழையால் நெட் இல்லை என்று மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு வந்தாள்.

"என்னம்மா சொன்னார்?"

"இங்கே மழையே இல்லையேன்னு கேக்கறார் மாமா. நெட் இல்லைங்கறதுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே அனுப்பணுமாம்."

குடையை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்குக் கிளம்பினாள்.