மேடையைச் சுற்றி ஒரு டிரையத்லான்

பெறுநர்: பாதை அமைப்புக் குழுவினர்
பொருள்: வரைபடத்துக்குப் பாராட்டும் சில தாழ்மையான ஐயங்களும்

அன்புடையீர்,

வரும் ஆடி மாதத்து ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் நடத்தவிருக்கும் டிரையத்லானின் பாதை வரைபடம் கிடைத்தது. 750 மீட்டர் நீச்சல் நீலக் கோடு, 20 கிலோமீட்டர் சைக்கிள் சிவப்புக் கோடு, 5 கிலோமீட்டர் ஓட்டம் பச்சைக் கோடு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளைந்து போயிருந்த நேர்த்தியைப் பார்த்துவிட்டு, “இது எத்தனை புள்ளிக் கோலம்டா?” என்று என் அத்தை கேட்டார். “ஒரே ஒரு புள்ளிதான் அத்தை, அதுக்குப் பேரு மேடை” என்றேன்.

முதலில் எனக்கும் பிடிபடவில்லைதான். கடலை விட்டு ஏறியவர்கள் சாலைக்கு மேற்கே ஏன் போகிறார்கள், சைக்கிள் ஏன் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே செக்கு சுற்றுகிறது, ஓட்டக்காரர்கள் முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஏன் மறுபடி கிளம்புகிறார்கள் என்று மண்டையைக் குடைந்தேன். பிறகு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வரைந்திருந்த செவ்வகத்துக்குள் ‘சிறப்பு விருந்தினர்’ என்று பொடி எழுத்தில் இருந்ததைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. போட்டிதான் அவர் முன்னால் வந்து வந்து போக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குச் சாலை இணங்கிவிட்டது, காவல்துறை இணங்கிவிட்டது. கடல் ஒன்றுதான் இருக்கிற இடத்திலேயே இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது.

மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி, வாடகை படியும். ஜவுளிக் கடைகளுக்கு அடுத்தபடியாக ஆடித் தள்ளுபடியை முறையாக அனுபவித்தவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மணமகள் அறை பெண்களுக்கு, மணமகன் அறை ஆண்களுக்கு என்று உடைமாற்றவும் வசதி. ஓட்டம் முடிந்ததும் பந்தியில் இட்லி, பொங்கல், வடை. பொங்கலைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

இனி நீச்சல். கரையிலிருந்து நேராக 375 மீட்டர் உள்ளே போய், ஒரு மிதவையைச் சுற்றி, நேராகத் திரும்பி வர வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவரின் கை நடுங்கவே இல்லை. ஆனால் தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் நம் கரையோரத்துத் தண்ணீர் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பிய பிறகுதான் திசை மாறும். இதற்கு ஆராய்ச்சி நிலையத்துக்கெல்லாம் எழுதிக் கேட்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழும்பின. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே முட்டி நின்று குவிந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. மணல் கிடைக்காத வடசென்னைக் கரை அரிபட்டது. உங்கள் குழுவில் பலர் மெரினாவில் சுண்டல் தின்றிருப்பீர்கள். காலடியில் கிடந்ததே அத்தாட்சி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீரோட்டம் நொடிக்குக் கால் மீட்டர்தான் என்று கருணையோடு வைத்துக்கொள்வோம். நூறு மீட்டரை இரண்டு நிமிடத்தில் நீந்துகிற ஆளுக்கு 750 மீட்டருக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் கடல் அவரை 225 மீட்டர் வடக்கே கொண்டுபோயிருக்கும். அதை ஈடுகட்ட அவர் போகவும் வரவும் தெற்கே சாய்ந்து சாய்ந்து நீந்த வேண்டும். வரைபடத்தில் உள்ள நேர்கோட்டில் நீந்தப் போகிற ஒரே ஜீவன், அதை வரைந்த பென்சில்தான். தெற்கே முக்கால் கிலோமீட்டர் நடந்துபோய் அங்கே இறங்கி, கரைக்கு இணையாக நீந்தி, இங்கே ஏறினால் இழுவையே கொஞ்சம் வேலையைப் பார்த்துவிடும். அப்படிச் செய்தால் நீச்சலின் தொடக்கம் மேடைக்கு நேரே வராது என்பது எனக்கும் தெரிகிறது. கொடியசைப்பு முக்கியம்தான்.

மீனவர் குப்பத்தில் யாரையாவது கேட்டீர்களா என்று அறிய ஆவல். அந்தக் கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. விடியலில் போனவர்கள் திரும்பி வந்து கரை ஏறுகிற நேரமும் நீங்கள் விசில் ஊதுகிற நேரமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வேறு, மீன் வாங்க வருகிறவர்களின் வண்டிகள் மணல்வரை நிற்கும். உள்ளே நண்டு வலை கிடக்கும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும். படகு குறுக்கே வருவது நம் ஊருக்கு மட்டும் வாய்த்த பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்கள் போட்டி தொடங்கியபோது படமெடுக்கும் படகு ஒன்று வீரர்கள் சிலருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் குதித்து நீந்தத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி தொடங்கினார்கள். ஆக, ஒலிம்பிக் தரம் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கரை ஏறியதற்குப் பிறகு வருவதுதான் வரைபடத்தின் உச்சக்கட்டம். நீலக் கோடு முடிந்து சிவப்புக் கோடு தொடங்கும் இடத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு சாம்பல் நிறக் கோடு வருகிறது. கீழே விளக்கம் ஏதும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். முதலில் மணல். அப்புறம் காய்ந்த வலைகள். அப்புறம் ஒரு சந்து. அதில் சரளைக் கல். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதற்கு அப்பால் மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். அங்கேதான் நம் சைக்கிள்கள் தொங்கும்.

சாலையின் மேற்குப் பாதியைப் போட்டிக்கென்று வாங்கிவிட்டீர்கள். நல்ல காரியம். ஆனால் சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் ஆகாயத்தில் போகாதே. அவையும் கிழக்குப் பாதிக்குத்தான் வரும். மாமல்லபுரம் போகும் வேன் ஒருபுறம், புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்து மறுபுறம். ஒரே பாதையில் எதிரும் புதிருமாக விரையும் இந்தப் போக்குவரத்தைத்தான் நாங்கள் நீச்சல் உடையில், சொட்டச் சொட்ட, செருப்பில்லாத காலோடு கடக்க வேண்டும். இரு பக்கமும் கயிறு பிடித்துத் தன்னார்வலர்கள் நிற்பார்கள் என்று விளக்கக் கூட்டத்தில் சொன்னீர்கள். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள், பாவம். தேருக்கு வடம் பிடித்துப் பழகியவர்கள் இருந்தால் நல்லது. ஒரே ஒரு ஐயம்: வேன் போகட்டும் என்று நாங்கள் ஓரமாக நிற்கிற நேரம் நீச்சல் கணக்கில் சேருமா, சைக்கிள் கணக்கில் சேருமா?

டிரையத்லான் என்பதே மூன்று விளையாட்டையும் தைக்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஹவாயில் 1978-இல் முதல் அயர்ன்மேன் டிரையத்லான் நடந்த கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அங்கே வைக்கீக்கி கடல் நீச்சல் தனியாக நடந்துகொண்டிருந்தது, ஓவாஹு தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம் தனியாக, ஹோனலூலு மாரத்தான் தனியாக. மூன்றையும் ஒரே நாளில் முடித்தால் என்ன என்று ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி கேட்டார். சைக்கிள் பாதை 115 மைல். அதில் மூன்று மைலைக் குறைத்து, தீவை இடஞ்சுழியாகச் சுற்றினால், நீச்சல் முடிகிற இடத்தில் சைக்கிள் ஏறி, மாரத்தான் தொடங்கும் அலோஹா கோபுரத்திலேயே இறங்கலாம் என்று அவர் கண்டார். அந்த மூன்று மைல் கத்தரிப்பால்தான் உலகம் இன்றைக்கும் 112 மைல், அதாவது 180 கிலோமீட்டர், மிதித்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து பேர் கிளம்பினார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். காலின்ஸ் முடிச்சை அவிழ்க்கத்தான் பாடுபட்டார். நீங்கள் முடிச்சைப் போட்டுவிட்டு அதன்மேல் ஷாமியானா போட்டிருக்கிறீர்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன். இரண்டு கிலோமீட்டர் போய், இரண்டு கிலோமீட்டர் வந்து, இப்படி ஐந்து சுற்று. ஒன்பது யூ டர்ன். அதுவும் பாதிச் சாலையை கோன் வைத்து இரண்டாகப் பிளந்த குறுகலுக்குள். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் பிடித்து, கிட்டத்தட்ட நின்று, திரும்பி, மறுபடி எழுந்து மிதிக்க வேண்டும். திறந்த சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கலாம் என்று கடன் வாங்கி கார்பன் சைக்கிள் வாங்கியவர்கள், காய்கறி வண்டியில் இதைவிடச் சுலபமாகத் திரும்பலாம் என்று உணர்வார்கள்.

உங்கள் விதிப் புத்தகத்தின்படி முன்னால் போகும் சைக்கிளுக்கும் பின்னால் வரும் சைக்கிளுக்கும் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்தால் தண்டம். நானூறு பேர் பதிவு செய்திருப்பதாக நீங்களே பெருமையோடு அறிவித்திருக்கிறீர்கள். நானூறைப் பத்தால் பெருக்கினால் நாலாயிரம் மீட்டர். சுற்றின் மொத்த நீளமும் அதுதான். எல்லோரும் சாலையில் இறங்கிவிட்டால், விதியை மீறாமல் இருக்க ஒரே வழி நானூறு பேரும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது. முந்தக் கூடாது, பிந்தக் கூடாது, இறங்கவும் கூடாது. சமத்துவத்தை இவ்வளவு துல்லியமாக வேறு எந்தக் கட்சியும் கொண்டுவந்ததில்லை.

சுற்றின் நடுவில் அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி ஞாயிறு என்றால் கூழ் வார்ப்பார்கள். வேப்பிலைத் தோரணம், குழாய் ஒலிபெருக்கி, கையில் தூக்குவாளியோடு வரிசை. அந்த வரிசை எத்தனையோ வருடமாக அதே இடத்தில் நிற்கிறது. அதற்கு பாரிகேடு தெரியாது. கோயிலார் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. ஒதுங்க வேண்டியது யார் என்பது அன்று காலை தெரிந்துவிடும். என் யோசனை, தண்ணீர்ப் பந்தலை அங்கேயே வைத்துவிடுங்கள். உப்பும் மோரும் கலந்த கேழ்வரகுக் கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் கிடைக்கிற இடத்தில், ஸ்பான்சர் தரும் ஆரஞ்சு நிறத் திரவத்தை எவன் குடிப்பான்?

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, வெயில் சொல்லிவிடும். மேடைக்கு முன்னால் மூன்று முறை ஓட வைத்திருக்கிறீர்கள், முதல் இரண்டு முறை முடிவுக் கோட்டைத் தாண்டினாலும் முடியாது. அந்தக் கோட்டின்மேல் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று நிற்கப் போவதாகப் படித்தேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். வளைவைக் கட்டும் கயிற்றை மட்டும் தயவுசெய்து குப்பத்துக்காரர்களை விட்டு முடியச் சொல்லுங்கள். எப்படியும் அது பறந்துபோய் எங்கே விழுகிறதோ அதுதான் முடிவுக் கோடு என்று வைத்துக்கொண்டாலும், இப்போதிருக்கும் பாதையைவிட மோசமாகிவிடாது.

இதையெல்லாம் சொல்லி, பாதையை மாற்ற முடியுமா என்று உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். பேசிய தம்பி மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். “சார், நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட்தான். ஆனா டி-ஷர்ட் பிரிண்ட் ஆயிடுச்சு.” முதுகுப் பக்கத்தில் முழு வரைபடமும் அச்சாகியிருக்கிறதாம். நானூறு டி-ஷர்ட். திருப்பூருக்கு முன்பணம் இல்லை, முழுப் பணமும் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வசதிதான். எந்தச் சுற்றில், எந்தப் பக்கம் திரும்புவது என்று குழம்பினால், முன்னால் ஓடுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிற அந்த ஒருவருக்குத்தான் வழி தெரியாது. எனக்கு அந்தக் கவலை இல்லை.

இப்படிக்கு,
நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், கட்டணம் முழுவதும் செலுத்திய ஒருவன்