போர்க்களத்தில் பொய்ச்சண்டை உண்டா?

கேள்வி: அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களப் பூங்காவில் பழங்காலச் சிப்பாய் வேடத்தில் ஆட்கள் வருவார்களாமே, சண்டை போட்டுக் காட்டுவார்களா?

பதில்: மாட்டார்கள். எதிரெதிரே நின்று சுடுவதற்கும் செத்தது போல விழுவதற்கும் அங்கே அனுமதி இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை, வட மாநிலப் படை, தென் மாநிலப் படை என இரு தரப்பிலுமாகச் சுமார் 51,000 பேர் மாண்டோ, காயம்பட்டோ, சிறைப்பட்டோ, காணாமலோ போன மண் அது. நிஜமாகச் செத்த இடத்தில் பொய்யாகச் சாக வேண்டாம் என்பது மிகச் சரியான முடிவு.

ஆனால் கூடாரம் அடித்திருப்பார்கள், துப்பாக்கியைக் கெட்டித்துச் சுட்டும் காட்டுவார்கள். அன்றைய சிப்பாய் மருந்துப் பொட்டலத்தின் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கிச் சுடுவான். தேர்ந்தவனுக்கே நிமிடத்துக்கு மூன்று வெடிதான். நமக்குப் பல் போனால் சொல் போகும். அவனுக்குத் துப்பாக்கியே போய்விடும்! முன்பல் இல்லாதவர்களைப் படையில் சேர்க்க மறுத்தார்கள்.

பார்த்துவிட்டு, பிக்கெட் தாக்குதல் நடந்த வெளியில் நடந்து பாருங்கள். தென் மாநிலப் படையினர் சுமார் 12,500 பேர் பீரங்கிகளுக்கு எதிரே நடந்த வெட்டவெளி. ஒதுங்க இடமே கிடையாது. ஜூலை வெயில் கடுமை. தொப்பியும் தண்ணீரும் அவசியம்.