டைம்டேபிள் போட்ட கடை

மீனாட்சி கல்யாணத்தை ஒரு வருஷம் செல்போனில் பார்ப்பாய் என்று என் மாமியாரிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், சொன்னவருக்கு மந்திரிக்க ஆள் தேடியிருப்பார். 2020 மே 4ஆம் தேதி அதுதான் நடந்தது. போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து, அதற்கு எட்ட நின்று சூடம் காட்டி, அத்தை தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். அந்தச் சித்திரையில் தேர் நகரவில்லை, அழகர் ஆற்றுப் பக்கம் வரவில்லை. "சாமியே ஊரடங்குல இருக்கு, நமக்கென்ன கேடு" என்று தெரு முழுக்கச் சமாதானம் சொன்னவர் அவர்தான்.

மூன்றாம் நாள் டாஸ்மாக் திறந்தது. அத்தையின் சமாதானம் அதோடு முடிந்தது.

கடை திறந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அரசாங்கத்துக்கும் செலவு இருக்கும். திறந்த நேர்த்திதான் தாங்க முடியவில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. நாற்பதிலிருந்து ஐம்பது வரை உள்ளவர்கள் ஒன்றிலிருந்து மூன்று. அதற்கும் கீழே உள்ளவர்கள் மூன்றிலிருந்து ஐந்து. சவுக்குக் கட்டைகளால் தடுப்பு, தரையில் வட்டம், வட்டத்துக்குள் நிற்கவைக்கப் போலீஸ். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அம்மா, கடைக்கு டைம்டேபிள் போட்டிருக்காங்க" என்றாள். ஒன்பதாம் வகுப்பை 'ஆல் பாஸி'ல் முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பு எப்போது ஆரம்பிக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை. அதன் வயிற்றெரிச்சல் அதற்கு.

வகுப்புகள் இரண்டு நாள்தான் நடந்தன. விதிமுறைகளைக் கடைப்பிடிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. இந்த முறை இன்னும் கட்டுக்கோப்பு: கடைக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு டோக்கன், வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம். என் பிள்ளைகளின் ஸ்கூல் டைரியில் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் மாநிலம் முழுக்க 160 கோடி ரூபாய்க்கு மேல் விற்றதில் மதுரை மண்டலம்தான் முதலிடம். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதைப் பள்ளிக்கல்வித் துறை 2017லேயே நிறுத்திவிட்டது. அதனால் ஸ்டேட் ஃபர்ஸ்ட் என்ற பெருமை எங்கள் ஊருக்கு ரொம்ப நாள் கழித்து இப்படி ஒரு வழியில் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளுக்கு டைம்டேபிளும் இல்லை, டோக்கனும் இல்லை. ஆன்லைன் வகுப்பு இருந்தது. அதைப் பற்றி நாடே எழுதித் தீர்த்துவிட்டது. மேலே யூனிஃபார்ம், கீழே டவுசர் என்ற நகைச்சுவையையும் சேர்த்து. ஃபீஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நீதிமன்றம் அந்த வருஷத்துக்கு 75 சதவீதம் வாங்கலாம் என்றது. முதலில் 40, பள்ளி திறந்தபின் மிச்சம் 35. பள்ளிக்கூடத்துக்குள் என் பிள்ளைகள் அதுவரை போன சதவீதம் பூஜ்யம். பஸ்ஸில் அறுபது, தியேட்டரில் ஐம்பது, ஃபீஸில் எழுபத்தைந்து என்று கேட்டுக் கேட்டே என் சின்னவன் மூணாங்கிளாஸ் படிக்காமலே சதவீதக் கணக்கு கற்றுக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பில் புக். ஊரடங்கின் உள்விவகாரம் எங்களுக்கு அங்கேதான் புரிந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று உத்தரவு. வருகிறவர்கள் ஐந்நூறு பத்திரிகை ஆர்டர் கொடுப்பார்கள்.

"ஐம்பது பேருக்குத்தானே அண்ணாச்சி பெர்மிஷன்?"

"அது கவர்மெண்டுக்கு. பத்திரிகை வைக்கலைன்னா என் பெரியப்பா மகன் செத்தாக்கூட வரமாட்டான்."

ஆகவே பத்திரிகையின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: நோய்த்தொற்றுக் காலம் என்பதால் இருந்த இடத்திலிருந்தே மணமக்களை வாழ்த்தவும். வாருங்கள் என்று அழைத்து, வராதீர்கள் என்று முடியும் பத்திரிகைகளை அந்த வருஷம் இவர் கட்டுக்கட்டாக அடித்தார். யாரும் இருந்த இடத்திலிருந்து வாழ்த்தவில்லை. ஐம்பது ஐம்பதாக வந்து சாப்பிட்டார்கள். பந்திக்கு ஐம்பது என்றுதான் உத்தரவுக்குப் பொருள் என்று மண்டபத்துக்காரரே விளக்கம் கொடுத்தார். என் மகன் எல்லாக் கல்யாணத்துக்கும் வந்தான். ஒரு விசேஷத்தில் அவனுடைய ரெண்டாங்கிளாஸ் டீச்சரையே பாயசப் பந்தியில் பார்த்தோம். பக்கத்து இலையில் உட்கார்ந்து, "வாய்ப்பாடு சொல்லிப் பாக்குறியாடா?" என்று கேட்டார். அந்தக் கல்வியாண்டில் அவனுக்கு நடந்த ஒரே நேரடி வகுப்பு அதுதான்.

நவம்பரில் ஒரு விடிவு தெரிந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 16ஆம் தேதி திறக்கலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் 9ஆம் தேதி நடந்தது. என்னையும் ஒரு பொருட்டாக மதித்துக் கருத்துக் கேட்கிறார்களே என்று இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு அப்பா எழுந்தார். தடுப்பூசி வராமல் பிள்ளையைக் கூட்டத்துக்குள் அனுப்பவே முடியாது, உயிர்தான் முக்கியம் என்று கண் கலங்கப் பேசினார். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து நான் விளக்குத்தூண் பக்கம் போனால், அவரும் பிள்ளையும் தீபாவளித் துணி எடுக்கிற கூட்டத்தில் மூச்சு முட்ட நின்றுகொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் மாஸ்க் தாடையில். சட்டை அளவு பார்க்க இடைஞ்சலாக இருந்திருக்கும்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். அரசாங்கமும் திறப்பைத் தள்ளி வைத்தது. ஆனால் எங்களைக் கேட்ட மறுநாள், நவம்பர் 10, தியேட்டர்கள் திறந்தன. அதற்கு யாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள்? ஜனவரியில் 'மாஸ்டர்' வரப்போகிறது என்றதும் நூறு சதவீத இருக்கைக்கே அனுமதி கொடுத்தார்கள். மத்திய அரசு கண்டித்த பிறகுதான் மறுபடி ஐம்பது. அதில் பாதிச் சீட்டு காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் வாரம் பார்த்துவிட்டு வந்த என் கொழுந்தன், காலியான சீட்டில் எல்லாம் ஆள் இருந்ததாகச் சொன்னார்.

பொங்கல் கழிந்து ஜனவரி 19 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தது. மகள் பழைய யூனிஃபார்மைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். சானிடைசர், சத்து மாத்திரை, பெஞ்சுக்கு இரண்டு பேர். ராத்திரி பகலாகப் படித்தாள். பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு எல்லோரும் தேர்ச்சி என்றார். மறுநாள் தேர்தல் தேதி வந்தது. "சும்மா இருந்தவனும் பாஸ், நானும் பாஸ்" என்று அவள் புத்தகத்தை மூடியதை நான் எந்தக் கட்சிக்கும் மன்னிக்கவில்லை. பின்னால் கைக்கு வந்த மார்க் ஷீட்டில் மார்க்கே இல்லை. தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடியும் ஒண்ணும் போடலியே" என்றார்.

தொற்று கூடுகிறது என்று மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளை மறுபடி மூடினார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் தாரை தப்பட்டையோடு வாக்குக் கேட்டு வராத கட்சி இல்லை. ஆரத்தித் தட்டோடு நின்றவர்களுக்கு இடையில் ஒரு கைக்குட்டைகூட விரிக்க முடியாது.

அடுத்து ஏப்ரல் 6, வாக்குப்பதிவு நாள். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். சின்னவன் ஒரு வருஷத்துக்கு மேலாக எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்காதவன். நானும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டான். வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். வலது கைக்குப் பாலிதீன் உறை கொடுத்தார்கள். உள்ளே அசல் வகுப்பறை. கரும்பலகை, வாய்ப்பாட்டுச் சார்ட், மூலைக்குத் தள்ளிய பெஞ்சுகள். இவன் சத்தம் போடாமல் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாவடி அலுவலர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, சின்னப் பிள்ளைங்க இங்க உக்காரக் கூடாது" என்றார். பள்ளிக்கூடத்தில்.

வெளியே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கொரோனா தொற்று உள்ளவர்கள் மாலை ஆறிலிருந்து ஏழு மணி வரை வந்து வாக்களிக்கலாம். மகள் அதை இரண்டு தடவை படித்தாள். "அப்போ கொரோனா வந்தவங்க ஸ்கூலுக்குப் போகலாம், வராதவங்கதான் போகக் கூடாது. அப்படித்தானேம்மா?" என்றாள். நான் விரலில் மை காய ஊதிக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் கழித்து, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன வார்த்தைகள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. அந்த மே மாதத்தைப் பற்றி இந்தக் கட்டுரையின் தொனியில் என்னால் எழுத முடியாது. இவர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பதில் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எல்லாவற்றையும் மூடியதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மூடியதைப் பற்றி இல்லை என் வழக்கு. திறந்த வரிசையைப் பற்றி.

ஏனென்றால் அந்த மே மாதம் ஆட்சி மாறியது. வரிசை மாறவில்லை. ஜூன் 14, எங்கள் மாவட்டத்தில் டாஸ்மாக். ஆகஸ்ட் 23, தியேட்டர். செப்டம்பர் 1, ஒன்பது முதல் பன்னிரண்டு. சின்னவன் முறை நவம்பர் 1 அன்றுதான் வந்தது. இரண்டு ஆட்சிக்கும் பொதுவான கொள்கை ஒன்றுண்டா என்று கேட்பவர்களுக்கு இந்தத் தேதிகளைக் காட்டலாம். பள்ளிக்கூடம் வருமானம் தராது. அதில் உட்காருகிறவர்களுக்கு ஓட்டும் கிடையாது. தங்களுக்காக ஒரு நாள் மறியல் செய்யக்கூட அவர்களுக்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

அவன் பள்ளிக்குப் போன இரண்டே மாதத்தில் ஒமைக்ரான் வந்தது. 2022 ஜனவரி 6 முதல் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மறுபடி வீட்டில். பொங்கல் நாட்களில் கோயிலும் அடைப்பு. ஆனால் ஜல்லிக்கட்டு உண்டு: முந்நூறு மாடுபிடி வீரர்கள், நூற்றைம்பது பார்வையாளர்கள். அலங்காநல்லூரில் நடக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால், அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். மதுரைக்காரி நான், ஜல்லிக்கட்டை ஒரு சொல் சொல்ல மாட்டேன். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த சின்னவன்தான் கேட்டான்: "ஒரு மாட்டுக்காக தேதியையே மாத்துறாங்களேம்மா. எங்களையும் வாடிவாசல் வழியா விட்டா என்ன?"

பிப்ரவரி 1 அன்று எல்லா வகுப்பும் ஒருசேரத் திறந்தது. 19ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல். ஒரு சாயங்காலம் எங்கள் வார்டு வேட்பாளர் நாற்பது பேரோடு படியேறி வந்தார். அத்தை காலில் விழுந்தார், இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவனின் கன்னத்தைத் தட்டி, "தம்பி என்ன படிக்கிறாப்ல?" என்றார்.

"ரெண்டாவது படிச்சேன் மாமா. இப்ப நாலாவது."

"அடேயப்பா! டபுள் புரமோஷனா? கெட்டிக்காரப் பிள்ளை" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற நாற்பது பேரும் கை தட்டினார்கள்.