பர்மிங்காம் பேரனுக்கு அப்புச்சி சொல்ற ரோசனை

ஏங்கண்ணு, ஞாயித்துக்கெழமையானா நீ படற பாட்டப் பார்த்தா எனக்கே பாவமா இருக்குது. போன்ல ஒருத்தன் வெள்ளைக் குல்லாப் போட்டுக்கிட்டு "கடை ருசி வீட்டுலயே"ன்னு வீடியோ போடறான். நீ அவன் பேச்ச நம்பி வெங்காயத்த உரிச்சுக் குமிச்சுப்போட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கற. வெள்ளிக்கெழமை ராத்திரி என்னடான்னா, தெருமொனைக் கடையில உக்காந்து, கொண்டாந்து வெச்ச போசியத் தொலாவிப் பார்த்துப்போட்டு, "நம்மூட்டுச் சமையலாட்ட இல்லையே அப்புச்சி"ன்னு மூக்கச் சுளிக்கற. ஊட்டுல கடையத் தேடற, கடையில ஊட்டத் தேடற. ரெண்டு எடத்துலயும் உனக்கு வயிறு நெறையறதில்ல. மத்தபடி நீ நல்ல பையன்தான், நான் இல்லைங்கல.

நான் கல்யாண ஊட்டு அடுப்புல நின்னு வெந்தவன். கரண்டி புடிச்சவனுக்கு இன்னொரு கரண்டி புடிச்சவனப் பார்த்தா காலு சும்மா இருக்குமா? நீ ஆபீசுக்குப் போன பொறகு, நடந்துட்டு வர்றேன்னு சொல்லிப்போட்டு அந்தக் கடையோட பின்வாசலுக்குத்தான் போவேன். உன்ற பொண்டாட்டிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அங்க சமையக்காரர் பங்களாதேஷ் பக்கத்து சில்ஹெட்டுக்காரர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவரு பாசை வராது. வெங்காயம் உரிக்கறதுக்கு ரெண்டும் வேண்டியதில்ல.

ஒரு மூட்டை வெங்காயம், கண்ணு. பெரும்போக்கா வெட்டி அண்டாவுல போட்டு, கூட பூண்டு, இஞ்சி, கொஞ்சம் கேரட்டு, ஒரு கொடமொளகா, தக்காளி, மஞ்சப்பொடி, அப்புறம் எண்ணெ. அந்த எண்ணெயோட அளவ உன்ற டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத. தண்ணி ஊத்தி வேக வெக்கறாங்க. வெங்காயம் வெரல்ல நசுங்கற பதம் வந்ததும் கை நீளத்துக்கு ஒரு மிசின அண்டாவுக்குள்ளயே எறக்கி ஆட்டறாங்க. மறுபடி கொதிக்க விட்டா மேல எண்ணெ மெதக்குது. நக்கிப் பார்த்தேன். காரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெங்காயத்தோட இனிப்பு மட்டும். காச்சல்காரனுக்குக் குடுக்கலாம். நீ மாசக்கணக்கா ரகசியம் ரகசியம்னு தேடறயே, அது அங்க மூடிகூடப் போடாமக் கெடக்குது.

ராத்திரி ஆர்டர் வந்த பொறகு பாக்கோணும் அவரு கைய. நீ வெளிய அப்பளத்த நொறுக்கி மாங்கா ஜாமுல தொட்டுக்கிட்டு இருந்த நேரத்துல நான் உள்ள எட்டிப் பார்த்தேன். அலுமினியச் சட்டி, அடியில பெரிய தீ. எண்ணெ காஞ்சதும் இஞ்சி பூண்டு விழுது, தண்ணில கரைச்ச தக்காளி விழுது, ஒரே டப்பாவுல இருக்கற கலவைப் பொடி, மொளகாப் பொடி. அதுக்கு மேல அண்டாக் கரைசல் ஒரு கரண்டி. அது சட்டி ஓரத்துல புடிச்சுச் செவக்குது. அத வழிச்சு நடுவுல தள்ளி, இன்னொரு கரண்டி ஊத்தி, கிண்டாம உட்டு மறுபடி புடிக்க வெக்கறாரு. கடை ருசி கடை ருசின்னு நீ கெடந்து தவிக்கறது அந்த ஓரத்துல புடிச்சுச் செவந்ததுதான். பொறகு முன்னாலயே வேக வெச்ச கோழித்துண்டு, கசக்கிப் போட்ட காஞ்ச வெந்தயக்கீரை, மல்லித்தழை. நீ அடுத்த அப்பளத்த நொறுக்கறதுக்குள்ள கொழம்பு ரெடி.

உன்ற ஊட்டுல இருக்கறது கண்ணாடி அடுப்பு. சட்டியத் தூக்குனா அதுக்குக் கோவம் வந்து அணைஞ்சுபோவுது. கொஞ்சம் பொகைஞ்சா மேல ஒட்டியிருக்கற வட்டக் குடுக்கை ஊரக் கூட்டிக் கத்துது. நீ சமைக்கறத உட்டுப்போட்டு துண்ட எடுத்து அதுக்கு விசிறற. உன்ற கல்யாணத்துல மாமனாருக்குக்கூட நீ அப்படி விசிறல. வீடியோக்காரன் "வெங்காயம் அஞ்சு நிமிசத்துல பொன்னெறமாயிரும்"ங்கறானே, அவன ஒருக்கா என்ற முன்னால நின்னு வதக்கச் சொல்லு. அஞ்சு நிமிசத்துல வெங்காயம் வேர்த்துத்தான் இருக்கும். பொன்னெறத்துக்கு அரை மணி நேரம் நிக்கோணும், அதுவும் போனப் பாக்காம நிக்கோணும்.

அந்த அண்டாவக் கேவலமா நெனைச்சுப்போடாத. சில்ஹெட் ஆளுக வெள்ளக்காரன் கப்பல்ல நெலக்கரி அள்ளிப் போட வந்தவங்க. கரையில எறங்கித் தங்குனவங்கள்ல சில பேரு சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டாங்க. யுத்தத்துக்குப் பொறகு மீன் வறுவல் விக்கற கடைகளையும் வாங்கி நடத்துனாங்க. பீர்க்கடைய மூடுன பொறகும் தொறந்திருக்கற கடை இவங்களோடதுதான். தள்ளாடிக்கிட்டே ஒரு கூட்டம் உள்ள வரும். ஒருத்தன் கொர்மாங்கறான், ஒருத்தன் ஜல்ஃப்ரெசிங்கறான், ஒருத்தன் எதக் கேட்டான்னு அவனுக்கே தெரியாது. எல்லாருக்கும் உடனே வேணும். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? அம்மியில தேங்கா அரைச்சிருப்பியா? நம்மூரு ஓட்டல்ல பன்னீர் பட்டர், கடாய்க் காளான்னு பத்துப் பேரு சொல்றானே, பாதி ஒரே டப்பாவுல இருந்துதான் வருது. அங்க நீ ஒண்ணும் கேக்கறதில்ல, டிப்ஸ் வெச்சுட்டு வர்ற.

மெட்ராஸ் கொழம்ப வாங்கி வெச்சுக்கிட்டு, "மெட்ராஸ்ல எந்தத் தெருவுல இது விக்குது?"ன்னு அந்த மனுசன மடக்கறயே, அதுவும் வேண்டாம். கொர்மான்னா கிரீமும் சக்கரையும், மெட்ராஸ்னா மொளகாப் பொடி கூட, விண்டலூன்னா அதுக்கும் மேல, ஃபால்னா வீம்புக்குத் திங்கறது. அந்த மெனு அட்டையில மெட்ராஸ் ஊரு இல்ல, காரத்தோட அளவு. அவரு மெட்ராசப் பார்த்ததில்ல. நீ மட்டும் என்ன, விசா வாங்கறதுக்குப் போனதுதானே.

இங்க பால்ட்டின்னு ஒண்ணு விக்குதே, அது இந்த ஊருச் சரக்கு. 1970-கள்ல பாகிஸ்தான், காஷ்மீர்ப் பக்கத்து ஆளுக இங்க பெருக்கிவிட்டது. லேடிபூல் ரோட்டுப் பக்கம் போனாப் பாக்கலாம். மெலிசான இரும்புச் சட்டியில செஞ்சு, அதே சட்டியோட கொண்டாந்து மேசையில வெச்சுர்றான். பாத்திரம் கழுவற வேலைய மிச்சம் பண்ணுன அந்தப் புண்ணியவான் யாரோ, அவனுக்கு நான் இருந்த எடத்துல இருந்தே கும்புடு போடறேன்.

உன்ற புள்ள பள்ளிக்கொடத்துப் பாடத்துக்காக ஒரு புஸ்தகம் படிச்சுச் சொன்னா. 1810-லயே லண்டன்ல ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடை இருந்துச்சாம். பாட்னாக்காரர், தீன் முகமது. ஜார்ஜ் தெருவுல ஹுக்காவெல்லாம் வெச்சுப் பிரமாதமா நடத்தியிருக்காரு. 1812-ல கடன்காரங்க வந்து நின்னுட்டாங்க. ஏன்னு கேளு. இந்தியாவுல இருந்து காசோட திரும்புன வெள்ளக்காரன் ஊட்டுலயே சமையலுக்கு ஆளு வெச்சிருந்தானாம். ஊட்டு அடுப்புகிட்டக் கடை தோத்துருச்சு பாரு. அப்புறம் அவரு பிரைட்டன் போயி, வெந்நி வாத்து ஒடம்பு புடிச்சு விடற தொழில்ல எறங்கி, ராசா நாலாம் ஜார்ஜுக்கே புடிச்சு விட்டுப் பேரெடுத்தாரு. சோத்துல வராத பேரு முதுகுல வந்துச்சு.

அந்தப் புள்ளையே இன்னொண்ணும் சொன்னா. 2001-ல ராபின் குக்குன்னு ஒரு மந்திரி, சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டன் தேசத்துச் சாப்பாடுன்னு பேசுனாராம். டிக்கா இந்தியாவோடது, வெள்ளக்காரனுக்குக் கறியோட கொழகொழன்னு கொழம்பு வேணும், அதனால மசாலாவ ஊத்துனதுன்னு விளக்கமும் சொல்லியிருக்காரு. கிளாஸ்கோவுல அலி அகமது அஸ்லாம்னு ஒருத்தர், கோழி வறவறன்னு இருக்குதுன்னு வந்தவன் கொறை சொன்னதால தக்காளி சூப்ப ஊத்திக் குடுத்தேன், அதுதான் இதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நெசமோ பொய்யோ, தொழில் தெரிஞ்ச மனுசன். பந்தியில உக்காந்தவன் ரசம் கேட்டா ரசம் ஊத்தோணும். இது பாயசத்துக்கான எலைடான்னு அவனுக்குப் பாடம் எடுக்கக்கூடாது.

சரி, உன்ற அடுப்புக்கு வருவோம். கடைக்காரனுக்கு ஒரு தலவிதி இருக்குது கண்ணு: இந்த வெள்ளிக்கெழமை வெச்ச கொழம்பு அடுத்த வெள்ளிக்கெழமையும் அச்சா அதே ருசியில இருக்கோணும். மாறுனா சண்டைக்கு வருவான். உனக்கு அந்தத் தொல்லை இல்ல. திங்கக்கெழமை புளி தூக்கலா, செவ்வாக்கெழமை உப்பு கம்மியா, புதன்கெழமை ரெண்டையும் சேர்த்துச் சூடு பண்ணித் திங்கலாம். யாரு கேக்கறது? பொண்டாட்டி கேப்பா, அது வேற விசயம்.

மழையும் குளுருமா இருக்கற இந்த ஊருல செலவு ரசத்த எந்தக் கடைக்காரன் வெப்பான்? மொளகு, சீரகம், மல்லி, மஞ்சள், பூண்டு, எல்லாத்தையும் நுணுக்கிக் கோழி எலும்போட கொதிக்க விட்டா, நீ ஜன்னலத் தொறக்காமயே பக்கத்தூட்டுக்காரன் வந்து கதவத் தட்டுவான். இல்லைன்னா அரிசியும் பருப்பும் போட்டு ஒரே குக்கர்ல எறக்கு. துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமொளகா, சீரகம், மொளகு. தட்டுல போட்டதும் மேல நெய்ய ஊத்து. நெய்யி கரைஞ்சு ஓரத்துக்கு ஓடற வரைக்கும் பொறுத்துப்போட்டு அப்புறம் கை வை. அதுக்கு ரகசியம் கெடையாது, அண்டாவும் வேண்டாம். அதான் வீடியோக்காரன் அதப் போடறதில்ல.

ஆபீஸ் வெள்ளக்காரங்கள ஊட்டுக்குக் கூப்புடறப்ப நீ பண்ற அழும்பு இருக்குதே! ஒறம்பரை வர்றாங்கன்னு கிரீம் டப்பாவ வாங்கியாந்து கொர்மா கிண்டற. அந்த மனுசங்க அதத்தான் தெருமொனையில வாரா வாரம் திங்கறாங்க, அதுவும் நீ கிண்டறத விட நல்லா. அந்த அரிசிப் பருப்புச் சோத்த வை. மொளகாயில ரெண்டு எடுத்துரு. "எனக்குக் காரமெல்லாம் சாதாரணம்"னு நெஞ்ச நிமித்தறவன் ஒருத்தன் இருப்பான். அவனுக்கு மட்டும் ஒரு மோர் மொளகாயப் பொரிச்சு, சிப்ஸுன்னு சொல்லிக் குடு. மோர எட்டாத தூரத்துல வெச்சுக்க.

கடைக்கும் போ, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாத. அந்தச் சமையக்காரரு உனக்குக் குடுக்கற கொழம்பத் தொட மாட்டாரு. கூட்டம் கலைஞ்ச பொறகு அடுப்பாங்கரையில அவங்களுக்குன்னு தனியா ஒரு சட்டி ஏறுது. எலும்போட ஆட்டுக்கறி, இல்லைன்னா மீன். அண்டாக் கரைசல் ஒரு சொட்டு கெடையாது. வெங்காயத்த அரை மணி நேரம் நின்னு வதக்கறாரு. ஒரு நாளைக்கு நாத்தங்கா மாதிரி மணக்கற அவங்கூரு சத்கொராவத் தோலோட சீவிப் போட்டாரு. சோறு பத்தல எனக்கு.

அடுத்த வெள்ளிக்கெழமை சித்த லேட்டாப் போ. மெனு அட்டையத் தொறக்காத. "நீங்க இன்னைக்கு என்ன சாப்படறீங்க?"ன்னு பணிவாக் கேளு. மீனா இருந்தா மொகத்தத் திருப்பாத, ஆனா பேசிக்கிட்டே திங்காத. அவங்கூரு மீனு பூரா முள்ளு. தொண்டையில சிக்குச்சுன்னா இங்க ஆஸ்பத்திரியில உன்ற பேரக் கூப்படறதுக்குள்ள விடிஞ்சுரும்.